முதலெழுத்தை விழுங்கும் பெட்டி

பைக்குள்தான் இருக்கிறது. டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில், உறைகூடப் பிரிக்காமல், பெருவிரல் நீளத்துக்கு ஒரு சவுண்டு கார்டு. கம்ப்யூட்டரின் பக்கவாட்டில் செருகி ஹெட்போனை அதில் மாட்டினால் போதும், இரண்டு நிமிட வேலை என்று திருவனந்தபுரம் ரோட்டுக் கடைக்காரர் மைதீன்பிச்சை சொல்லியிருந்தார். நவமணி நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இப்போது மணி ஒன்றேகால். அஞ்சல்வழிக் கல்லூரி அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். ஃபேன் ஒன்று மட்டும் நாலு சுற்றுக்கு ஒரு தடவை கடக்கென்று சொல்லிக்கொண்டு ஓடுகிறது. கண்காணிப்பாளர் சிவசைலம் இரண்டு மணிக்குத் திரும்பி வருவார், வரும்போது மெமோவுக்கு அவளுடைய விளக்கக் கடிதம் அவர் மேஜையில் இருக்க வேண்டும், அதுவும் இரண்டே வரியில், அவர் சொல்லிக்கொடுத்த இரண்டு வரியில். அவள் இன்னும் ஒரு எழுத்துகூட அடிக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. பையின் வாயைத் திறந்து கையை விட்டாள், உறையின் கூரான மூலை விரலில் குத்தியது, கையை எடுத்துக்கொண்டாள். செருகினால் நல்லது. செருகினால் தோற்றுப்போனது மாதிரியும் இருக்கிறது. ஒரு சாமான் எப்படி ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்கும் என்று நேற்று ராத்திரி தன் புருஷன் செல்வினிடம் கேட்டாள், அவன் தூக்கக் கலக்கத்தில், போட்டுட்டுப் பேசாம இரேன், உனக்கு வேலைதானே முக்கியம் என்றான். பேசாம இரு. அந்தப் பேசாம இருதான் உறையின் மூலையைவிடக் குத்துகிறது.

நவமணிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. ஒன்பது வருஷமாக இந்த நாற்காலியில் இருக்கிறாள். படிக்கிறவர்கள் ஈமெயிலில் அனுப்புகிற மனுக்களைக் கம்ப்யூட்டர் வாய்விட்டு வாசிக்கும், அவள் ஹெட்போனில் கேட்டு, யாருக்குப் பரீட்சை மையம் மாற்ற வேண்டும், யாருக்குப் பெயர் திருத்த வேண்டும் என்று அதே கம்ப்யூட்டரில் உள்ள பதிவேட்டில் திருத்துவாள். வாசிக்கிற அந்தக் கரகரத்த ஆண்குரலுக்கு ஆபீஸில் நவமணி வீட்டுக்காரர் என்று பேர். குரல் ஒன்றும் மோசமில்லை, வேகமாக வாசிக்கும், தமிழை மென்று துப்பும், அவளுக்குப் பழகிவிட்டது. மோசம் பெட்டிதான். பெட்டிக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிற சவுண்டு கார்டு, ஐந்தாறு நொடி சத்தமில்லாமல் இருந்தால் தூங்கிப்போகும். அடுத்த சொல் வரும்போது விழித்துக்கொள்ளும், விழிக்கிற அந்தக் கண்ணிமைப்பில் முதலெழுத்தை விழுங்கிவிடும். வணக்கம் என்று வர வேண்டியது ணக்கம் என்று வரும். வணக்கத்தில் ஒரு எழுத்து போனால் யாருக்கு என்ன. ஆனால் மனுவில் முதலில் வருவது பெயர், பெயரில் முதலில் வருவது இனிஷியல். கூடவே பக்கத்துப் பிரிண்டர் ஓடினால் காதுக்குள் கடலை வறுக்கிற இரைச்சல். மெஷின் பார்க்க வருகிற ஆள், போர்டுலயே வர்றது அப்படித்தான் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனான். தூங்கவிடாமல் வைக்க ஒரு சின்ன புரோகிராம் உண்டு, அவளுக்குத் தெரியும், ஆனால் அதைப் போட பாஸ்வேர்டு வேண்டும், பாஸ்வேர்டு சென்னையில் இருக்கிறது. அதனால் அவள் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அம்புக்குறியை அழுத்தி இனிஷியலுக்குத் திரும்பிப் போய் அந்த ஒற்றை எழுத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்பது வருஷமாக, நாளுக்கு நூறு நூற்றிருபது தடவை, யாருக்கும் தெரியாமல், ஒரு பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கு போய்ப் போய்த் தொடுகிற மாதிரி. போன மாதம் ஒருநாள் சு. இசக்கியம்மாள் என்று ஒருத்தி, எனக்கு மையம் தூத்துக்குடிக்கு மாற்றித் தாருங்கள் என்று மனுப் போட்டாள். நவமணி மு. இசக்கியம்மாளுக்கு மாற்றிவிட்டாள். சு. இசக்கியம்மாள் விவரமானவள், ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கே போன் போட்டுச் சண்டை பிடித்துத் தன்னுடையதைச் சரிசெய்துகொண்டாள். மு. இசக்கியம்மாள் கடையத்தில் பீடி சுற்றுகிறவள். தென்காசிக்குப் போக வேண்டியவள், ஹால் டிக்கெட்டில் தூத்துக்குடி என்று இருந்ததால் அதுதான் சட்டம் என்று நினைத்து, கைக்குழந்தையோடு விடியலில் கிளம்பி மூன்று பஸ் மாறிப் போய், கதவை அடைத்த பிறகு வாசலில் நின்றிருக்கிறாள்.

அவள் திட்டியிருக்கலாம். மறுநாள் போனில் வந்தபோது நவமணி திட்டுக்குத் தயாராகத்தான் காதைக் கொடுத்தாள். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது, முறத்தில் இலை உரசுகிற சத்தம்கூடக் கேட்டது, பேசிக்கொண்டே சுற்றுகிறாள் போல. நவமணி நடந்ததைச் சொல்லி, தப்பு என் மேல்தான்மா என்றாள். அந்தப் பக்கம் இலைச் சத்தம் நின்றது. போவட்டும் மேடம், நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க என்றாள் இசக்கியம்மாள், அடுத்த தடவ எழுதிக்கிடுதேன் என்றாள். திட்டை வாங்கி வைக்க ஒரு இடம் மனதில் எப்போதும் இருக்கிறது, இதை எங்கே வைப்பது. குளிக்கும்போது வருகிறது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வருகிறது. போவட்டும். அடுத்த பரீட்சைக்கு ஆறு மாசம் இருக்கிறது, அது போகட்டுமாம். ஆபீஸின் தப்பால் பரீட்சை தவறினால், முப்பது நாளுக்குள் மனுப் போட்டவர்களுக்குத் தனியாகப் பரீட்சை வைக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. அதை இசக்கியம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. நவமணியும் அன்றைக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் ஞாபகம் வரவில்லை என்று செல்வினிடம் சொன்னாள். ஞாபகம் வந்தது. தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மனு வந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் யார் செய்தது என்று வரும், அங்கே ஒரு பார்வையில்லாதவள் உட்கார்ந்திருப்பாள். அந்தப் பயம் முதலெழுத்தை மட்டுமல்ல, முழுச் சொல்லையும் விழுங்கியது.

சரி, கணக்காகவே யோசிப்போம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். செருகினால் என்ன லாபம். இந்த நொடியிலிருந்து இனிஷியல் கேட்கும். நேற்று மைதீன்பிச்சை கடையிலேயே தன் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தாள். பாட்டுக் கேக்கவா மேடம், பாஸ் தூக்கலா இருக்கிற மாடலும் இருக்கு என்றார் அவர். பாட்டு இல்லை, எழுத்து என்றாள். மனிதருக்குப் புரியவில்லை, ஆனாலும் பொறுமையாக மூன்று கார்டை மாற்றி மாற்றி மாட்டவிட்டார். ஒன்றில் இரைச்சல், ஒன்றில் அதே தூக்கம், மூன்றாவது இது. பத்து நொடி சும்மா விட்டுவிட்டு ஒரு பெயரைத் தட்டினாள், ழுப் பெயரும் வந்தது, இல்லை, முழுப் பெயரும் வந்தது, கடைக்கு வெளியே லாரி போகும்போதுகூட வந்தது. செருகினால் என்ன நஷ்டம். நேற்றைக்கு முந்தின நாள் சிவசைலம் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சொன்னது நஷ்டம். கெட்ட மனிதர் இல்லை அவர். மழை நாளில் பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை பிடித்து வந்து விடுவார். அதனால்தான் அவர் சொல்வதைத் தட்டுவது கஷ்டம். நவமணிம்மா, நான் உங்களுக்கு நல்லதுதான் சொல்லுதேன் என்று ஆரம்பித்தார். மெஷின் எழுத்தை முழுங்குதுன்னு நீங்க எழுதினா அது மேல போகும், மேல உள்ளவன் சவுண்டு கார்டா வாங்கித் தருவான், அந்த சீட்ல ஏன் அந்தம்மாவப் போட்டேன்னுதான் என்னைக் கேப்பான். பேசாம நீங்களே சின்னதா ஒண்ணு வாங்கி மாட்டிக்கிடுங்க. கவனக்குறைவு, இனி நேராதுன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க. மெமோவ நான் முடிச்சு விட்டுருதேன். சொல்லிவிட்டு அவள் மேஜையில் இரண்டு தடவை செல்லமாகத் தட்டினார், குழந்தையின் முதுகில் தட்டுகிற மாதிரி. ஆக கார்டு என்றால் வெறும் கார்டு இல்லை. கார்டு என்றால் வாயை மூடுவது. செருகுகிற அந்தத் துவாரத்துக்குள் கார்டோடு அவள் நாக்கும் சேர்ந்து போகிறது.

செருகாவிட்டால். அதையும் நினைத்துப் பார்த்தாயிற்று. செருகாமல் நின்று போராடலாம், ரொம்ப கம்பீரமாக இருக்கும், அதற்குள் இந்தப் பெட்டி இன்னொரு இசக்கியம்மாளை விழுங்கும். இன்றைக்கு மட்டும் எண்பது மனு காத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் யாரும் நவமணியின் கம்பீரத்துக்காகப் பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. போராட்டத்துக்கு அடுத்தவள் கைக்குழந்தையையா கொடுப்பது. கையை நீட்டினாள், மேஜையின் நடுவில் எப்போதும் போல மானிட்டர் இடித்தது. பெரிய மானிட்டர், புதுசு. போன வருஷம் பக்கத்து சீட் கோமதிநாயகத்தின் திரை லேசாக மினுங்குகிறது, கண் வலிக்கிறது என்று அவன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தான், இரண்டே நாளில் எல்லா சீட்டுக்கும் புதுத் திரை வந்தது, அவளுக்கும் வந்தது. எனக்கு எதுக்கு சார் என்றாள். சீட்டுக்கு ஒண்ணு சாங்ஷன் ஆகியிருக்கு, வச்சிக்கிடுங்க என்றார்கள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள்கூட அதை அவள் போட்டதில்லை, குளிர்ந்து கிடக்கும், மழையில் நனைந்து வந்தால் அதன் மேல் கைக்குட்டையைக் காயப் போடுவாள். அதே மாதம்தான் சவுண்டு கார்டு கேட்டு அவள் இரண்டாவது தடவையாக எழுதிக் கொடுத்தது. பதில் வந்தது, கோமதிநாயகம்தான் வாசித்துக் காட்டினான். பொழுதுபோக்கு உபகரணங்கள் வாங்க விதியில் இடமில்லை. வாசித்துவிட்டு, பாட்டு கேக்க கேட்டீங்களோன்னு நினைச்சிட்டானுவ அக்கா என்றான். பொழுதுபோக்கு. அவனுக்குத் திரை மினுங்கினால் கண் வலி, அவளுக்குக் குரல் அறுந்தால் பொழுதுபோக்கு. இருட்டில் உட்கார வைத்து விட்டு ஏன் எழுத்துப் பிழை என்று கோமதிநாயகத்துக்கு மெமோ கொடுப்பார்களா. நீயே வீட்டிலிருந்து பல்பு கொண்டுவா, கவனக்குறைவு என்று எழுதிக் கொடு என்பார்களா. அன்றைக்கு ஏன் சிரித்தோம். கையால் மானிட்டரைப் பின்னுக்குத் தள்ளினாள், அது கிரீச்சென்று நகர்ந்து சுவரில் போய் முட்டியது. தள்ளியதில் மேஜையில் ஒரு முழம் இடம் கிடைத்தது, ஒன்பது வருஷத்தில் இதைக்கூடச் செய்யத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் யோசனை போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது. அன்றைக்கு, அந்த ஒரு பெயருக்கு, அம்புக்குறியை அழுத்தினாளா. பெட்டி விழுங்குவது தினமும் உள்ளதுதான், அதற்குத்தானே விதி வைத்திருந்தாள். அழுத்தினேன், பிரிண்டர் இரைச்சலில் மு என்று காதில் விழுந்திருக்கும் என்று முதலில் தனக்கே சொல்லிப் பார்த்தாள், அது நிற்கவில்லை. சு எப்படி மு என்று விழும். மு என்று அவள் கேட்கவே இல்லை. பெயரைத் தேடியபோது பட்டியலில் முதலில் நின்றவள் மு. இசக்கியம்மாள், இவள்தான் என்று விரல் போய்விட்டது. அன்றைக்குச் செல்வினுக்குக் காய்ச்சல், மணி நாலரை, ஐந்துக்குள் முடித்தால் ஐந்தே காலுக்கு பஸ் உண்டு. அழுத்தவில்லை. அவ்வளவுதான். அப்படியானால் சிவசைலம் சொன்ன இரண்டு வரி பொய்யில்லை, கவனக்குறைவுதான். பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை கவனமாக இருந்தால் போதும் என்கிற வேலையில் அவள் மட்டும் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தடவை கவனமாக இருக்க வேண்டியிருந்தது, ஒன்பது வருஷம் இருந்தாள், ஒருநாள் நாலரை மணிக்கு ஒரு தடவை மட்டும் இருந்தாள். கோமதிநாயகம் மாதம் ஒரு தடவை பெயரைத் தப்பாக அடிப்பான், பிரிண்ட் எடுத்த காகிதத்தில் வெள்ளை மை வைத்து அழிப்பான், யாரும் அவன் கண்ணைப் பற்றிப் பேசுவதில்லை. அவளுடைய ஒரு தப்பு அவளோடு நிற்காது, அவளுக்குப் பிறகு இந்த நாற்காலிக்கு மனுப் போடப்போகிற, இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிற, பேர் தெரியாத, பார்வையில்லாத ஒருத்தி வரைக்கும் போகும். அந்தப் பயத்தைக் காட்டித்தான் ஒன்பது வருஷமும் அவளைப் பேசாமல் வைத்திருந்தது, யாரும் இல்லை, அவளேதான். சே, போதும். தப்புச் செய்கிற உரிமை எனக்கும் உண்டு, தப்பை ஒத்துக்கொள்கிற யோக்கியதையும் உண்டு, அதை ஒத்துக்கொண்டதற்காக மற்றதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எவன் சொன்னான். செருகினால் வாயை மூட வேண்டும் என்பது சிவசைலம் போட்ட முடிச்சு. கார்டுக்கும் வாய்க்கும் அவர்தான் முடிச்சுப் போட்டார், மைதீன்பிச்சை போடவில்லை. இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் என்ன. இது ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். பெட்டியின் பக்கவாட்டைத் தடவி, துவாரத்தைக் கண்டுபிடித்து, முதல் தடவை தலைகீழாகப் போய், திருப்பிச் செருகினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மனதுக்குள் இருபது எண்ணினாள். எண்பது மனுவில் முதல் மனுவின் மேல் போய்த் தட்டினாள். வே. பிச்சம்மாள் என்றது குரல். வே என்று அவ்வளவு தெளிவாக, உதட்டுக்குப் பக்கத்தில் சொல்கிற மாதிரி. அடுத்தது, ஆ. ஞானதிரவியம். அடுத்தது, கோ. பேச்சிமுத்து. வேண்டுமென்றே நிறுத்தி, தூங்கட்டும் என்று விட்டு, திரும்பவும் தட்டினாள். தூங்கவில்லை. பெயர்கள் தலையோடு வந்தன. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், ஆனால் மூக்கு விடைத்துக்கொண்டு கோபம்தான் வந்தது. இத்தனை சின்னதா. டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் அடங்குகிற இந்தச் சாமானையா ஒன்பது வருஷம் தராமல் வைத்திருந்தார்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் புதுப் பக்கத்தைத் திறந்து அடிக்க ஆரம்பித்தாள். இசக்கியம்மாளின் மனுவில் நான் இனிஷியலைத் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கவில்லை, அது என் தப்பு என்று முதல் பாராவில் அடித்தாள். இரண்டாவது பாராவில், இந்த சீட்டில் உள்ள கம்ப்யூட்டர் ஒவ்வொரு பெயரின் முதலெழுத்தையும் விழுங்குகிறது, இதை இரண்டு முறை எழுத்தில் தெரிவித்திருக்கிறேன், பொழுதுபோக்கு என்று பதில் வந்தது, அந்தப் பதிலின் நகல் இணைப்பு. மூன்றாவது பாராவில், இன்று மாட்டியிருக்கும் சவுண்டு கார்டு என் சொந்தச் சாமான், மனுதாரர்களின் நன்மைக்காக மாட்டியிருக்கிறேன், அலுவலகம் ஒன்று வாங்கித் தர வேண்டும், வாங்கித் தந்தவுடன் என்னுடையதை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவேன். பயன்படாத மானிட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்தாள், குசும்பு என்று தோன்றியது, அழிக்கப் போனாள், இருக்கட்டும் என்று விட்டாள். பிரிண்டர் ஓடியது. காதில் கடலை வறுபடவில்லை.

மணி இரண்டடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, டிராயரில் இருந்த பழைய பதிலின் நகலையும் சேர்த்து, பதினோரு எட்டு நடந்து சிவசைலத்தின் மேஜையில் வைத்து, மேலே பேப்பர்வெயிட்டை வைத்துவிட்டு வந்தாள். உட்கார்ந்ததும் பயம் வந்தது, நிஜமான பயம், வாடகை, செல்வினின் மருந்து, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வந்தவற்றை நிற்கவிட்டாள். பதிவேட்டில் கடையத்து எண்ணைத் தேடி எடுத்து, போனில் அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் சிவசைலத்தின் செருப்புச் சத்தம். நாற்காலி இழுபட்டது. காகிதம் சரசரத்தது. அவர் வாசிக்கிற நேரம் முழுக்க அந்தப் பக்கம் மணி அடித்தது, ஒரு இடத்தில் அவர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தார், இரண்டாவது பாராவாக இருக்கும்.

"நவமணிம்மா" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "நாம பேசினது இது இல்லையே. அந்த ரெண்டாவது பாராவ எடுத்துட்டு வேற அடிச்சுத் தாங்க."

"அது இருக்கட்டும் சார்."

"இருந்தா என்ன ஆகும்னு தெரியும்லா?"

"தெரியும் சார். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

போனில் ஹலோ என்றது. நவமணி தன் பெயரையும் ஆபீஸ் பெயரையும் சொன்னாள். இசக்கியம்மாள், என்ன மேடம், இன்னும் ஏதும் தப்பாயிட்டா என்று பதறிப்போய்க் கேட்டாள். நவமணி இல்லை என்றாள். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைப் பயந்துகொண்டு சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றாள். ஆபீஸ் தப்பால் பரீட்சை போனால் தனியாகப் பரீட்சை கேட்க உனக்கு உரிமை உண்டு, முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும், இன்றைக்கு இருபதாவது நாள் என்றாள். சிவசைலம் எழுந்து வந்து போனைப் பிடுங்கலாம் என்று காத்திருந்தாள், அவர் வரவில்லை.

இசக்கியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "அப்படி எழுதினா உங்களுக்குப் பிரச்சினை வராதா மேடம்?"

"வரும். நீ எழுது. என் பேரையும் போட்டு எழுது."

"பேனா எடுத்துட்டு வாரேன். வச்சிராதீங்க."

போன் எதன் மேலேயோ வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. குழந்தை ஒரு தடவை கத்தி அடங்கியது, தகரப் பெட்டி ஒன்று திறந்தது, உள்ளே எதையெதையோ புரட்டுகிற சத்தம். இந்தப் பக்கம் சிவசைலம் தொண்டையைச் செருமினார். அந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவில்லை, மடித்து எதற்குள்ளேயோ வைத்தார், டிராயரா கோப்பா என்று அவளால் சொல்ல முடியவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு நவமணி காத்திருந்தாள். கொலுசுச் சத்தம் ஓடி வந்தது.

"சொல்லுங்க மேடம், எழுதுதேன்."